மேலே ஆச்சி வீடு, கீழே வயல், நடுவே கிராவல் குழி

காரைக்குடி அருகே, புதுவயல் சாலையிலிருந்து உள்ளே பிரியும் மண்பாதையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. நிலம் என்பது பத்திரத்தில்தான். நேரில் போய்ப் பார்த்தால் அது ஒரு குழி. அப்பச்சி (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) காலத்தில் கிராவல் வெட்டக் குத்தகைக்கு விட்டார்கள். வெட்ட வந்தவர்கள் மேல்மண்ணைச் சுரண்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, அடியில் இருந்த செஞ்சரளையை லாரி லாரியாக அள்ளினார்கள். போகும்போது எதையும் மூடவில்லை. நாற்பது வருடங்களுக்கு மேலாகச் சீமைக்கருவேல்தான் அங்கே குடியிருந்தது.

அச்சகத்தை மகனிடம் ஒப்படைத்த பிறகு, குழியைத் திருத்தி நாலு மரம் வைக்கலாம் என்று இறங்கினேன். எனக்கு மண்வேலை தெரியாது. தெரியாதவன் செய்த வேலையின் கதை இது. பாதி தவறு, பாதி அந்தத் தவறைச் சரிசெய்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தரை மேற்கிலிருந்து கிழக்கே வாட்டமாக இறங்குகிறது. மேற்கே மேட்டில் ஓட்டுவீடு ஒன்று. அதில் ஓர் ஆச்சி தனியாக இருக்கிறார்கள். அந்த வீட்டுச் சுற்றுச்சுவரிலிருந்து ஆறடி தள்ளி, குழியின் விளிம்பு. அங்கே வெட்டு செங்குத்தாக ஒன்பது அடி இறங்குகிறது. கிழக்கே குழி திறந்த வாயாக இருக்கிறது. லாரிகள் வந்துபோன தடம் அப்படியே மண்பாதையில் சேரும். பாதைக்கு அந்தப் பக்கம் நெல்வயல். ஆக மேலே இருப்பவருக்குச் சரிவுப் பயம், கீழே இருப்பவருக்குச் சேற்றுப் பயம். இந்த இரண்டையும் நான் தொடங்கும்போது யோசிக்கவே இல்லை.

முதல் வருடம் புரட்டாசிக் கடைசியில் ஜேசிபி வைத்துக் கருவேலை வேரோடு பிடுங்கினேன். ஒன்றரை நாளில் நிலம் மொட்டை. படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன், அவ்வளவு பெருமை. கூடவே, குழியில் தண்ணீர் தேங்குகிறதே என்று, லாரித் தடத்தை ஒட்டி நேர்கோடாக ஒரு வாய்க்கால் இழுக்கச் சொன்னேன். ஒன்றரை அடி ஆழம், இரண்டடி அகலம். “நேராக விட்டால் தண்ணீர் நிற்காது ஐயா, ஓடிவிடும்” என்றார் ஜேசிபி ஓட்டுநர். ஓடத்தான் செய்தது.

சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். மழைக்கு மூன்று வாரம் முன்பு எவனாவது தரையை மொட்டையடிப்பானா? நான் அடித்தேன். கருவேல் எவ்வளவு கெட்ட மரமாக இருந்தாலும் அதன் வேர்தான் அந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டிருந்தது. கருவேலை எடுக்க வேண்டுமென்றால் தை மாதத்தில் தொடங்கிப் பகுதி பகுதியாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே வேறு ஒன்றை வைத்துக்கொண்டே போக வேண்டும்.

ஐப்பசி இரண்டாம் வாரம், ஒரே இரவில் நல்ல மழை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் என் ஒன்றரை அடி வாய்க்கால் நாலடி ஆழமாகி, இரு கரையும் சரிந்து, சிற்றோடையாகவே மாறியிருந்தது. அதிலிருந்த மண்ணெல்லாம் கிழக்கு வயலில் விசிறிபோல விரிந்து கிடந்தது. நேரடியாக விதைத்து ஒரு சாண் வளர்ந்திருந்த நெல். ஒரு மூலையில் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. வயல்காரர் வரப்பில் நின்றிருந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“உங்கள் செம்மண் என் வயலுக்குக் குடிவந்துவிட்டது தம்பி. வாடகை எப்போது?” என்றார்.

அந்தப் போகத்தின் நட்டத்தை அவர் சொன்னபடியே கொடுத்தேன். பேரம் பேச எனக்கு வாய் இல்லை.

சரிவின் போக்கிலேயே நேராக வெட்டிய வாய்க்கால் ஏன் இப்படிச் செய்தது என்று பிறகுதான் படித்தேன். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிக்கொண்டு போகக்கூடிய கல்லின் எடை இரண்டு மடங்கோ நாலு மடங்கோ அல்ல, 64 மடங்கு வரை கூடும் என்பது நீரியலில் பழைய விதி. நான் செய்தது வடிகால் அல்ல, சறுக்குமரம்.

அதே வாரம் ஆச்சி ஆள் அனுப்பினார்கள். போனேன். சுற்றுச்சுவரின் உள்பக்கம், மேலிருந்து கீழாக, தலைமயிர் அகலத்தில் ஒரு விரிசல். விரிசல் முடியும் இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் தேதி. அதற்குக் கீழே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. அதற்கும் கீழே மூன்றாவது. ஒன்பது நாளில் விரிசல் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. பொறியாளர்கள் கண்ணாடித் துண்டை ஒட்டிச் செய்யும் சோதனையை ஆச்சி கரித்துண்டில் முடித்திருந்தார்கள்.

“எங்கள் ஐயா கட்டிய சுவர் தம்பி. இது தானாக விழாது” என்றார்கள். அந்தத் ‘தானாக’ என்ற சொல்லில் ஓர் அழுத்தம்.

வெளிப்பக்கம் சுற்றிப் பார்த்தேன். சுவருக்கும் குழி விளிம்புக்கும் நடுவே தரையில், விளிம்புக்கு இணையாக, பத்தடி நீளத்துக்கு ஒரு பிளவு. தென்னை ஈர்க்கை விட்டுப் பார்த்தேன், இரண்டடி போயிற்று. ஆச்சி வீட்டு முற்றத்துத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் வெளியேறும் தூம்பு சரியாக அந்தப் பிளவின் மேலேதான் கொட்டிக்கொண்டிருந்தது. குழி வருவதற்கு முன்பு அந்தத் தூம்பில் எந்தக் குற்றமும் இல்லை. தண்ணீர் தரையில் பரவி வடக்கே போயிருக்கும்.

காரைக்குடியிலிருந்து கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்தேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு நாலு விஷயம் சொன்னார்: வெட்டின் மேல்விளிம்பைத் தொடாதீர்கள், அதன் பக்கம் வண்டி எதையும் விடாதீர்கள், பிளவுக்குள் தண்ணீர் இறங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள், மழை விட்டதும் கீழேயிருந்து முட்டுக்கொடுங்கள். பிளவுக்குள் நிற்கும் தண்ணீர் மண்ணின் பிடிப்பைக் குறைப்பதோடு, ஆப்பு அடித்ததுபோல வெளிப்புறமாகத் தள்ளவும் செய்யுமாம். அன்று மாலையே பிளவைக் களிமண்ணால் அடைத்து, மேலே தார்ப்பாய் போட்டு, மணல் மூட்டை அடுக்கி, தூம்பிலிருந்து ஒரு தகரத்தை வைத்துத் தண்ணீரை வடக்கே திருப்பினோம். அந்தக் கார்த்திகை முழுக்க இரவில் இடி இடித்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

மழை ஓய்ந்த பிறகுதான் உருப்படியான முதல் காரியத்தைச் செய்தேன். அதற்கு மண்வெட்டி தேவைப்படவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் எங்கள் புல எண்ணுக்கான புலப்பட (நில அளவை வரைபடம்) நகலைக் கேட்டு வாங்கினேன். அதில் எங்கள் வடக்கு எல்லையை ஒட்டி இரண்டு கோடுகளாக ஒரு வாய்க்கால் கிழக்கே ஓடுகிறது. ஊரின் நில விவரமெல்லாம் இருக்கும் அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு. நேரில் அந்த இடத்தில் வாய்க்கால் இல்லை, ஒரு மேடு இருக்கிறது. அந்த மேட்டில்தான் சிறுவயதில் நாங்கள் நுங்கு வண்டி உருட்டினோம். இயற்கை மேடு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கிராவல் வெட்டியவர்கள் சுரண்டித் தள்ளிய மேல்மண் அது. ஊருணிக்குப் போகும் வரத்துக்காலின் மேலேயே கொட்டியிருக்கிறார்கள்.

மேற்கே மேட்டு நிலத்தில் பெய்கிற மழையெல்லாம் அந்தக் கால் வழியாக ஊருணிக்குப் போக வேண்டியது. வழி அடைபட்டதால் என் குழிக்குள் விழுந்து, லாரித் தடம் வழியாக வயலுக்குப் போயிருக்கிறது. ஊருணி முன்போல நிறைவதில்லை என்று ஊரில் வருடக்கணக்காகப் பேச்சு. மழை குறைந்துவிட்டது என்று நானும் சேர்ந்து பேசியிருக்கிறேன். வீட்டுக்குள் விழும் மழையை முற்றத்தில் வாங்கி, தெருவுக்கு வாட்டம் பார்த்து, தெருத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுசேர்த்தவர்களின் ஊர் இது. அந்த ஊரில் பிறந்தவன் ஒரு கோடு இருந்த இடத்தை மேடு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 4,047 லிட்டர். எங்கள் இரண்டு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 4 லட்சம் லிட்டர். பாதி ஊறினாலும் 2 லட்சம் ஓடும். அது என் தண்ணீர், அதை நான் சமாளிக்க வேண்டும். அதற்கு மேல் வந்ததெல்லாம் ஊருணியின் தண்ணீர். முதலில் அதை அதன் வழியில் அனுப்பினால் என் வேலை பாதியாகும்.

புறம்போக்கு என்பதால் ஊராட்சியில் மனுக் கொடுத்து, அனுமதி வாங்கி, தை பிறந்ததும் மேட்டைக் கரைக்கத் தொடங்கினோம். அந்த மண்ணை இலவசமாக அள்ளிக்கொண்டு போகிறேன் என்று ஒருவர் டிப்பரோடு வந்தார். கிராவல், மண் எல்லாம் சிறுகனிமம்; 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின் கீழ் வருபவை. சொந்தப் பட்டா மண்ணானாலும் அனுமதி இல்லாமல் வெளியே ஏற்றக் கூடாது. அதைவிட முக்கியம், அது எனக்கே தேவைப்பட்டது.

ஏனென்றால் மேற்குச் சரிவுக்கு முட்டு. ஒன்பது அடி உயரத்துக்கு ஒன்றுக்கு இரண்டு என்ற சாய்வில் மண் கொடுத்தால் அடிப்பகுதி பதினெட்டு அடி அகலம். வெட்டின் நீளம் 110 அடி. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 89 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). அடித்து இறுக்கினால் மண் அமுங்கும் என்பதால் 110 யூனிட் வரை வேண்டும். வடக்கு மேட்டில் அது இருந்தது. குழியிலிருந்து போன மேல்மண் குழிக்கே திரும்பியது. இடித்த வீட்டுக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறோம் என்றும் சிலர் கேட்டார்கள். பிளாஸ்டிக்கும் மரத்துண்டும் கலந்த கழிவு நாளாவட்டத்தில் மட்கி உள்வாங்கும். அதனால் வேண்டாம் என்றேன். அதில் கிடந்த செம்புராங்கற்களை மட்டும் விலைக்கு வாங்கி, சரிவின் அடியில் சுண்ணாம்பு சிமெண்ட் எதுவும் இல்லாமல் இரண்டடி உயரத்துக்கு வரிசையாக அடுக்கினோம். இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியேறட்டும் என்பதற்காகத்தான் பூச்சு இல்லை.

மண்ணை மேலிருந்து கொட்டுவது சுலபம். அப்படிச் செய்யக் கூடாது. பழைய வெட்டு முகத்தில் கீழேயிருந்து படி படியாகக் கொத்திக்கொண்டோம். வழவழப்பான முகத்தில் புதுமண் ஒட்டாது. ஒருநாள் போர்வைபோல நழுவும். பிறகு இறுக்கியபின் முக்கால் அடி கனம் நிற்கும்படி ஒவ்வோர் அடுக்காகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, வாடகை அதிர்வு இயந்திரத்தால் இறுக்கினோம்; ஓரங்களில் கையால் இடிக்கும் திமிசுக் கட்டை. ஈரம் சரியா என்று பார்க்க வேலைக்கு வந்த அம்மா ஒருவர் கற்றுக்கொடுத்த முறை இது: ஒரு பிடி மண்ணை அள்ளி உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விட வேண்டும். தூளாக உதிர்ந்தால் ஈரம் போதாது. சாணி உருண்டைபோலச் சப்பையாக ஒட்டினால் அதிகம். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் அடிக்கலாம். பன்னிரண்டு அடுக்கு, பத்தொன்பது நாள்.

ஆச்சி வீட்டுத் தூம்பு நிரந்தரமாகத் தீர வேண்டியிருந்தது. நாலு அங்குலக் குழாய் வைத்துச் சுவரோரமாக வடக்கே கொண்டுபோய் வரத்துக்காலில் விடலாம் என்றேன். வீட்டுத் தண்ணீர் போகும் திசையை மாற்றுவதில் ஆச்சிக்கு விருப்பமில்லை. இரண்டு முறை காபி கொடுத்து, பேச்சை மாற்றி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை புலப்படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். “ஊருணிக்கா போகிறது? அதை முதலிலேயே சொல்லக் கூடாதா?” என்றார்கள். குழாய்ச் செலவில் பாதியையும் கொடுத்தார்கள்.

அடுத்து குழியின் தரை. சரளையை எடுத்தபின் கீழே இருப்பது வெள்ளையும் சிவப்பும் கலந்து, திட்டுத் திட்டான களி. செம்புராங்கல் நிலத்தின் அமைப்பே அதுதான்: மேலே இரும்பு ஏறிய கெட்டிச் சரளை, கீழே களி. சரளை தண்ணீரை உள்ளே விடும், களி விடாது. ஒரு பிடி களியைப் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் வைத்தேன். மணல் ஒரு நிமிடத்தில் படிந்தது. வண்டல் சாயங்காலத்துக்குள் படிந்தது. மேல்தண்ணீர் மட்டும் நாலு நாள் கழித்தும் கேப்பைக் கூழ் கரைத்ததுபோலவே இருந்தது. குழியின் கிழக்கு வாய்ப்பக்கம், ஓடிவரும் மண் படிய ஒரு சேற்றுக்குழி வெட்டிவிட்டால் மண் வயலுக்குப் போகாது என்று நம்பியிருந்தவனுக்கு அந்தப் பாட்டில் ஒரு செய்தி சொன்னது. சேற்றுக்குழி மணலைப் பிடிக்கும். கரைந்த களியைப் பிடிக்காது. களி கரையாமல் இருக்க நல்ல வழி அதன்மேல் மழைத்துளி நேராக விழாதபடி மூடுவது.

லாரி ஓடி இறுகிய தடத்தையும் தரையையும் உளிக் கலப்பையால் வாட்டத்துக்குக் குறுக்கே கீறினோம். என் பழைய நேர் வாய்க்காலை மூடி, இடையிடையே கல்தடுப்பு வைத்தோம். கொத்தனாரின் டியூப் மட்டத்தை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வைத்து ஒரே உயரப் புள்ளிகளாக முளைக்குச்சி அடித்து, நாற்பது அடிக்கு ஒன்றாக நாலு வரப்பு. ஒன்றரை அடி உயரம், மேல்பக்கம் இரண்டடி அகலப் பள்ளம். பள்ளத்து மண்தான் வரப்பு. குச்சிகளை இணைத்தால் கோடு நேராக வராது, பாம்புபோல வளையும். அச்சுக் கோத்து வரிசை நேர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தியது. ஓரிடத்தில் நானே கோட்டை நேராக்கினேன். ஆவணி இடிமழையில் வரப்பு சரியாக அந்த இடத்தில்தான் உடைத்துக்கொண்டது.

அந்த மழை இன்னொன்றையும் காட்டியது. வரப்பில் தண்ணீர் நிறைந்தால் எங்கேயாவது வழியத்தான் செய்யும். எங்கே என்று நாம் முடிவு செய்யாவிட்டால் அது முடிவு செய்யும். கண்மாய்க்குக் கலுங்கு இருப்பதுபோல ஒவ்வொரு வரப்புக்கும் நாலடி அகலத்தில், முகட்டைவிட முக்கால் அடி தாழ்வாக ஒரு வழிவு விட்டேன். ஒன்று வடகோடியில் என்றால் அடுத்தது தென்கோடியில். தண்ணீர் நடந்து நடந்து இறங்கட்டும். முதலில் வழிவில் தேங்காய் அளவுக் கற்களை நேராக மண்மேல் அடுக்கியிருந்தேன். கல் அப்படியே இருந்தது, அதன் இடுக்கு வழியாக அடிமண் மட்டும் கழுவிப் போய், கற்கள் கூண்டோடு உள்ளே உட்கார்ந்திருந்தன. கற்களை எடுத்து, நாலு அங்குலக் கனத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி பரப்பி, அதன்மேல் மறுபடி அடுக்கினேன். அதற்குப் பிறகு அசையவில்லை.

களித் தரையை மூடும் மூடாக்கில் ஒரு கேலிக்கூத்து. புதுவயல் அரிசி ஆலை ஒன்றிலிருந்து இரண்டு டிராக்டர் உமி வாங்கித் தரை முழுக்கப் பரப்பினேன். உமி மிதக்கும் என்பது நெல் புடைத்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் மழையில் அது முழுதும் மிதந்து, வழிவுகளை எல்லாம் மரியாதையாகத் தாண்டி, வயல்காரரிடம் போய்ச் சேர்ந்தது. “இது வாடகைக்கு முன்பணமா?” என்று கேட்டார். பிறகு வைக்கோலைப் பரப்பி, மேலே தைலமரக் கிளைகளைக் குறுக்கே போட்டு முளையடித்துக் கட்டினோம். வட்டாட்சியர் அலுவலக அனுமதியோடு கண்மாய் வண்டல் எடுத்துவந்து கலந்து, கொழிஞ்சியும் கொழுக்கட்டைப் புல்லும் விதைத்தோம். கொழிஞ்சி அந்தக் களியிலும் வந்தது. மேற்குச் சரிவில் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு வரிசையாக வெட்டிவேர். அரையடிக்கு ஒரு நாற்று. அதில் கீழ் இரண்டு வரிசையை ஆடு தின்றுவிட்டது. யாருடைய ஆடு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. முள்வேலி போட்டேன்.

குழியின் தென்கிழக்கு மூலையில், ஆச்சி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, அறுபதுக்கு நாற்பது அடியில் ஐந்தடி ஆழப் பண்ணைக்குட்டை வெட்டினோம். கரைகளைச் சாய்வாக விட்டதால் கொள்ளளவு சுமார் 2.4 லட்சம் லிட்டர். சுவரோரம் தண்ணீரைத் தேக்கினால் கசிவு அடித்தளத்தைத் தேடிப் போகும் என்பதால்தான் இந்தத் தூரம். சுற்றி வேலி, குழித் தண்ணீரில் பிள்ளைகள் இறங்கி உயிர்போகும் செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகிறது.

இரண்டாவது ஐப்பசியில் பெய்த பெரிய மழைக்கு விடியற்காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். வரத்துக்காலில் தண்ணீர் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. நாலு வரப்பும் நின்றன. மூன்றாவது வழிவில் மட்டும் இரண்டு கல் புரண்டிருந்தது. குட்டை முக்கால் அளவு. வயலுக்குப் போன தண்ணீர் தெளிவு என்று சொல்ல மாட்டேன், பானகம் நிறத்தில் இருந்தது; ஆனால் மண் இறங்கவில்லை. கிழக்கு வாய்ப்பக்கம் வெட்டியிருந்த சேற்றுக்குழியை அந்தப் பருவத்தில் மூன்று முறை வாரினோம். வாரிய வண்டலை வயல்காரரே வரப்புக்கு எடுத்துக்கொண்டார்.

ஆச்சி வீட்டுச் சுவரில் மாசியில் போட்ட கோட்டுக்குக் கீழே புதுக் கோடு இல்லை. விரிசலைப் பூசிவிடலாமா என்று கேட்டேன். இன்னும் இரண்டு மழை பார்க்கட்டும் என்றார்கள். கரித்துண்டு ஜன்னல் விளிம்பிலேயே இருக்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை ஒன்று. மார்கழியில் மழை நின்று பயிர் வாடத் தொடங்கியதும் வயல்காரர் வந்தார். முன்பெல்லாம் மழை விட்ட பிறகும் என் குழியிலிருந்து பத்து நாள் கசிவுத் தண்ணீர் வயலுக்கு வருமாம். இந்த வருடம் வரவில்லையாம். சேறு வந்தபோது வாடகை கேட்டவர், தண்ணீர் நின்றதற்கும் நியாயம் கேட்கிறார். நியாயம்தான். குட்டைக் கரையில் மூன்று அங்குலக் குழாயும் ஒரு வால்வும் வைத்து, வாய்ப்பக்கம் வலை கட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். குழாயைச் சுற்றிக் களியை எப்படி இறுக்கினால் கசிவு வராது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திறப்பது யார், எந்த நாளில் என்பது இன்னும் பேசி முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வருகிறார்.